ஸ்பிட்டி கோம்பா கூரைக்கு 1,80,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது, எப்படிக் கொடுப்பது?

ஊர்சுற்றி_மதுரை | அக்டோபர் 7, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் ஆறு பேராக இமாசலப் பிரதேசத்து ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்குப் போய் வந்தோம். சிம்லா, ரெக்காங் பியோ, நாக்கோ, தாபோ, காசா என்று கின்னவுர் பக்கமாக ஏறினோம். தாபோவைப் பற்றி இங்கே ஏற்கெனவே நாலைந்து இழை ஓடியிருக்கிறது. 996-இல் மண்ணால் கட்டிய பௌத்தக் கோயில். உள்ளே நுழைந்ததும் ஒன்றும் தெரியாது. கூரைத் திறப்பு வழியாக விழும் கொஞ்ச வெளிச்சத்தில் கண் பழகப் பழக, சுவரை ஒட்டி உட்கார்ந்திருக்கும் முப்பதுக்கும் மேற்பட்ட சுதைச் சிற்பங்கள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். அதோடு விடுகிறேன்.

நான் கேட்க வந்தது வேறு. அங்கிருந்து மேலே ஏறினால் பதினைந்து இருபது வீடுள்ள ஒரு ஊர். ஊர்க்காரர்களைக் கேட்காமல் பெயர் போட மனம் வரவில்லை. ஊருக்கு மேலே ஒரு சின்ன கோம்பா, அதாவது பௌத்த மடக் கோயில். சாவி ஒரு லாமாவிடம் இருக்கிறது என்றார்கள். தேடிப் போனால் அவர் பட்டாணி வயலில் குனிந்து நிற்கிறார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து திறந்துவிட்டார். உள்ளே இடது பக்கச் சுவரில் தாரா தேவி ஓவியம். கூரை ஒழுகி, நெற்றியிலிருந்து தாடை வரை இரண்டு கோடாக மண் வழிந்து காய்ந்திருந்தது. கீழே ஒரு பழைய டால்டா டின், பாதி அளவு கலங்கல் தண்ணீர். "முன்னெல்லாம் இங்கே பனிதான், மழை கிடையாது. பனியைத் தள்ளிவிடலாம், மழையை எப்படித் தள்ளுவது?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இந்தியில் இவ்வளவுதான் புரிந்தது.

திரும்பி வந்து வாட்ஸ்அப்பில் படம் போட்டதும் நண்பர்கள் அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். இன்றைக்கு 1,80,000 வந்து நிற்கிறது. லாமா கையில் கொடுப்பதா, பெரிய மடத்துக்கு அனுப்புவதா, ஏதாவது தொண்டு நிறுவனம் வழியாகவா? "தகரம் போட்டுவிட்டால் ஜென்மத்துக்கும் கவலையில்லை" என்கிறார் ஒரு நண்பர். அது சரியா?

செங்கல்சூளை | அக்டோபர் 7, இரவு 10.25

தகரம் வேண்டாம். அதைவிட முக்கியம், சிமெண்ட் வேண்டவே வேண்டாம்.

நான் புதுச்சேரி பக்கம் மண் கட்டட வேலை செய்கிறேன். லடாக்கில் ஒரு கோடைக்காலம் முழுக்க மேஸ்திரிகளோடு இருந்திருக்கிறேன், ஸ்பிட்டியிலும் முறை கிட்டத்தட்ட அதேதான். பாப்ளர் மரத்தில் உத்தரம். அதன்மேல் வில்லோ குச்சிகளை நெருக்கமாக அடுக்குவார்கள். அதற்கு மேல் புல், அப்புறம் மண், கடைசியாக ஒரு கொழகொழத்த களிமண் பூச்சு. லடாக்கில் அந்தக் களிமண்ணுக்கு மார்கலாக் என்று பெயர். தண்ணீர் பட்டதும் உப்பி, விரிசலைத் தானே அடைத்துக்கொள்ளும். பனிக்கு இது போதும். மணிக்கணக்கில் கொட்டும் மழைக்குப் போதாது.

கூரை ஏன் கெடுகிறது என்பதில் ஒரு விஷயம் வெளியாட்களுக்குத் தெரிவதில்லை. ஒழுகினால் மேலே இன்னொரு சட்டி மண்ணைப் போடுவார்கள். அடுத்த வருஷம் இன்னொன்று. பழையதை யாரும் இறக்குவதில்லை. நூறு சதுர அடிக்கு நாலு அங்குலம் மண் ஏற்றினாலே சுமார் ஒன்றரை டன். ஐம்பது வருஷம் இப்படி ஏற்றினால் உத்தரம் வளையும், வளைந்த இடத்தில் தண்ணீர் தேங்கும், தேங்கினால் ஒழுகும், ஒழுகினால் மறுபடி மண். அது பூகம்பப் பூமி வேறு. 1975 ஜனவரியில் வந்த கின்னவுர் நிலநடுக்கத்தில் தாபோவும் ஸ்பிட்டியில் உள்ள கீ மடமும் நன்றாக அடிவாங்கின. தலைக்கு மேல் அத்தனை டன்னை வைத்துக்கொண்டு அதை எதிர்கொள்ள முடியாது.

ஆகவே முதல் வேலை, பழைய மண்ணை இறக்குவது. இதற்கு ஆள் கூலி ஆகும், ஆனால் படம் எடுத்தால் ஒன்றுமே தெரியாது. நன்கொடையாளர்கள் இந்த வேலைக்குக் கொடுக்க மாட்டார்கள், தங்க முலாம் என்றால் கொடுப்பார்கள்.

சிமெண்ட் பூசினால் சுவரின் ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்பக்கம் வரும். உள்பக்கம்தான் உங்கள் தாரா இருக்கிறாள். அவளை யாரும் தொட வேண்டாம், துடைக்கவும் வேண்டாம். அது ஓவியப் பராமரிப்பு படித்தவர்கள் வேலை.

நேர்பேச்சு | அக்டோபர் 8, காலை 7.10

கேட்கிறேன் என்று கோபிக்க வேண்டாம். மதுரையிலிருந்து நூறு கிலோமீட்டர் சுற்றளவில் கூரையில் அரசமரம் முளைத்த கோயில் எத்தனை இருக்கிறது? ஒருகால பூஜைக்கு எண்ணெய் இல்லாத கோயில் எத்தனை? அதை விட்டுவிட்டு ஸ்பிட்டிக்கு ஏன்?

அப்புறம், பௌத்த மடம் என்றாலே ஏழை என்று ஒரு நினைப்பு. கர்நாடகத்தில் திபெத்தியர் குடியிருப்பான பைலகுப்பே போய்ப் பாருங்கள். அங்கே நம்ட்ரோலிங் மடத்தில் அறுபது அடி உயரத்துக்குத் தங்கம் பூசிய புத்தர் உட்கார்ந்திருக்கிறார். காசு இருக்கிற இடத்தில் இருக்கிறது. அவர்களுக்குள் பகிர்ந்துகொள்ளட்டுமே.

லே_முகாம் | அக்டோபர் 8, காலை 8.35

தம்பி, பைலகுப்பே மடங்கள் திபெத்திலிருந்து வந்தவர்கள் அறுபதுகளில் காட்டைத் திருத்திக் கட்டியவை. உலகம் முழுக்க அவர்களுக்குச் சீடர்கள். ஸ்பிட்டியிலும் லடாக்கிலும் ஊருக்கு ஊர் இருக்கும் சின்ன கோம்பா அப்படி அல்ல, அது அந்த ஊர்க்காரர்களுடையது. அதற்குச் சீடர் கிடையாது, பட்டாணி வயல்தான் உண்டு. நம் குலதெய்வக் கோயில் பழனியிடம் பங்கு கேட்க முடியுமா?

நான் வேலூர் பக்கம். ராணுவத்தில் இருபத்திரண்டு வருஷம், அதில் மூன்று தடவை லடாக். எங்கள் முகாமுக்குப் பக்கத்து ஊரில் ஒரு கோம்பா. பெரிய பனி விழுந்தால் வீட்டுக்கு ஒரு ஆள் மரப்பலகையோடு கூரை ஏறிப் பனி தள்ள வேண்டும், ஊர்க் கட்டுப்பாடு. நாங்களும் ஏறியிருக்கிறோம், வெண்ணெய் டீக்காக.

அங்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சமவெளியிலிருந்து ஒரு அறக்கட்டளை வந்தது, பெயர் வேண்டாம். கோம்பாவைப் புதுப்பிக்கிறோம் என்று நல்ல தொகை போட்டார்கள். முன் தாழ்வாரத்தில் இருந்த பழைய நான்கு திசைக் காவலர் ஓவியத்தின் மேல் எனாமல் பெயிண்ட் அடித்து, பளபளவென்று புதிதாக வரைந்துவிட்டுப் போனார்கள். நம் ஊர் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்து 'உபயம்' என்று எழுதுவோமே, அதேபோல கொடுத்தவர்கள் பெயரையெல்லாம் பளிங்குக் கல்லில் வெட்டி மண் சுவரில் பதித்தார்கள். இரண்டு குளிர்காலம் தாங்கியது. மூன்றாவது வருஷம் கல், அரைச் சுவரோடு கீழே வந்துவிட்டது. கூரை? கூரையை அவர்கள் ஏறியே பார்க்கவில்லை.

கல்வெட்டுக்கிறுக்கன் | அக்டோபர் 8, பிற்பகல் 1.15

நேர்பேச்சு, "ஸ்பிட்டிக்கு ஏன்" என்று கேட்டீர்கள். ஆனைமங்கலம் ஏன் என்று ராஜராஜனைக் கேட்டிருக்கலாம்!

நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்தைக் கட்டியது ஸ்ரீவிஜயத்து அரசன். கடலுக்கு அப்பாலிருந்து பணம் வந்து கட்டடம் எழுந்தது. கட்டியபின் யார் சோறு போடுவது? அதற்குத்தான் ராஜராஜன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்ற ஊரைப் பள்ளிச்சந்தமாக, அதாவது பௌத்தப் பள்ளிக்கு விடும் மானியமாகக் கொடுத்தான். ஆண்டுக்குச் சுமார் 8,900 கலம் நெல் வருமானம். அவன் மறைந்தபின் மகன் ராஜேந்திரன் அதைச் செப்பேட்டில் வெட்டி நிலைநிறுத்தினான். லெய்டன் செப்பேடு என்று நாம் சொல்வது அதைத்தான். கொடுத்தவன் பெரிய கோயிலைக் கட்டிய சைவன்.

அதற்கும் முன்னால், ஒன்பதாம் நூற்றாண்டில் நாலந்தாவில் இதே கதை. சுவர்ணத்வீபத்து (இன்றைய சுமத்ரா) அரசன் பாலபுத்திரதேவன் மடம் கட்டுகிறான், பால அரசன் தேவபாலன் ஐந்து ஊரை எழுதிவைக்கிறான். எதற்கு என்று செப்பேடே சொல்கிறது: பிக்குகளின் உணவு, உடை, மருந்து, நூல்களைப் படியெடுப்பது, அப்புறம் மடம் சிதைந்தால் பழுதுபார்ப்பது. கட்டும்போதே பழுதுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

ராஜாக்கள் மட்டும்தானா என்றால், இல்லை. சாஞ்சியில் கி.பி. 450 வாக்கில் ஹரிஸ்வாமினி என்ற உபாசிகை (இல்லறத்தில் இருக்கும் பௌத்தப் பெண்) 12 தீனாரம், அதாவது பொற்காசு, முதலாக வைக்கிறாள். முதலைத் தொடக்கூடாது, வட்டியில் தினமும் ஒரு பிக்குவுக்குச் சோறு. விளக்குக்கென்று தனியாக நாலு தீனாரம். உங்கள் 1,80,000-ஐ அப்படி நினைத்துப் பாருங்கள் ஊர்சுற்றி. ஒரே கோடையில் செலவழித்தால் கூரை. முதலாக வைத்தால் வருஷா வருஷம் களிமண்.

நேர்பேச்சு | அக்டோபர் 8, மாலை 6.50

சரி, 8,900 கலம் நெல் வந்ததே, சூடாமணி விகாரம் எங்கே? கடைசியாக நின்ற கோபுரத்தையும் 1867-இல் இடித்தாயிற்று. சிலைகள் எழும்பூர் அருங்காட்சியகத்தில். முதல் வைத்தால் மட்டும் போதாது, வந்து சாப்பிட ஆள் வேண்டும் ஐயா. ஊர்சுற்றி போன ஊரில் அடுத்து லாமாவாகப் போகிறவன் யார்? அதைக் கேட்டீர்களா?

ஊர்சுற்றி_மதுரை | அக்டோபர் 8, இரவு 9.05

கேட்டேன். அவருக்கு ஒரே அண்ணன் மகன், சண்டிகரில் ஹோட்டல் வேலை. முன்பெல்லாம் ஒரு வீட்டில் மூத்தவனுக்கு நிலம், இளையவன் மடத்துக்கு. இப்போது வீட்டுக்கு ஒன்றிரண்டு பிள்ளைதான், அவர்களும் படிக்க வெளியூர் போய்விடுகிறார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை.

ஆடிட்டர்_மாமி | அக்டோபர் 8, இரவு 9.30

வரலாறு நன்றாக இருக்கிறது. இப்போது காகிதத்தைப் பார்ப்போம்.

ஊர்சுற்றி, பணம் உங்கள் சொந்தக் கணக்கில் வந்து கிடக்கிறதா? யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று இன்றைக்கே எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். வரிச்சலுகை எதிர்பார்க்கிறவர்கள் இருந்தால், வாங்குகிற அமைப்புக்கு அதற்கான வருமானவரிப் பதிவு இருக்க வேண்டும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது, புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் கிடையாது. லாமா கையில் கொடுத்தால் புண்ணியம் மட்டும்தான்.

கூட்டத்தில் சிங்கப்பூர் குடியுரிமை வாங்கியவர் யாராவது உண்டா? இருந்தால் அவர் பணத்தைத் திருப்பி அனுப்புங்கள். அது வெளிநாட்டு நன்கொடை, அதற்கென்று பதிவுபெற்ற அமைப்புதான் வாங்கலாம், அதுவும் ஸ்டேட் வங்கியின் டெல்லி முதன்மைக் கிளைக் கணக்கு வழியாக. இந்திய பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு அங்கே வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி மூலம் அனுப்பினால் பிரச்சினை இல்லை.

இன்னொன்று. அந்த கோம்பா தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். தாபோ, ஆல்ச்சி போல இருந்தால் துறை அனுமதி இல்லாமல் ஒரு சட்டி மண் கூடக் கொட்ட முடியாது. பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்குக் கொடுக்க விரும்பினால் மத்திய அரசின் தேசியப் பண்பாட்டு நிதி இருக்கிறது, 1996 முதல் நடக்கிறது.

நிர்வாகி | அக்டோபர் 8, இரவு 9.45

ஒரு வேண்டுகோள்: வங்கிக் கணக்கு எண், கியூஆர் படம் எதையும் இங்கே போடாதீர்கள். ஏற்கெனவே இரண்டு பதிவை நீக்கியிருக்கிறேன்.

ரெண்டுங்கெட்டான் | அக்டோபர் 9, காலை 11.20

காத்மாண்டுவில் நாலு வருஷம் வேலை பார்த்தவன் என்ற முறையில் இரண்டு கதை.

2015 ஏப்ரல் நிலநடுக்கத்தில் பௌத்தநாத் ஸ்தூபியின் மேல்பகுதி விரிந்துபோனது. உள்ளூர்க் குழுவே முன்னின்று, பக்தர்களிடமும் பௌத்த அமைப்புகளிடமும் வாங்கி, முப்பது கிலோவுக்கு மேல் தங்கம் போட்டு, 2016 நவம்பரில் திறந்துவிட்டார்கள். ஒன்றரை வருஷம்! அரசாங்கப் பணத்துக்குக் காத்திருந்த பல இடங்களில் அப்போது சுவரைத் தாங்க வைத்த முட்டுக்கட்டைதான் நின்றது. ஆகவே 'தங்கத்துக்குத்தான் கொடுப்பார்கள்' என்பதை நான் முழுக்கக் குறையாகச் சொல்ல மாட்டேன் செங்கல்சூளை. தங்கம் காட்டித்தான் கூட்டத்தைக் கூட்ட முடிகிறது.

இரண்டாவது, நேபாளத்தின் முஸ்தாங்கில் லோ மந்தாங் என்ற ஊர். பதினைந்தாம் நூற்றாண்டு துப்சென் கோயிலை ஒரு அமெரிக்க நிதியத்தின் உதவியோடு தொண்ணூறுகளின் கடைசியில் புதுப்பிக்க ஆரம்பித்தார்கள். கூரையை முதலில் சரிசெய்தார்கள், அப்புறம்தான் ஓவியம். உள்ளூர் ஆண்களையும் பெண்களையுமே ஓவியம் சுத்தம் செய்யப் பழக்கினார்கள், விவசாயக் குடும்பத்துப் பெண்கள் பஞ்சும் தூரிகையும் பிடித்தார்கள். சண்டை எங்கே வந்தது என்றால், உதிர்ந்துபோன இடத்தை அப்படியே விடுவதா, புதிதாக வரைந்து நிரப்புவதா என்பதில். நிபுணர்கள் சிலர் விடு என்றார்கள். ஊர்க்காரர்கள் விடவில்லை. பாதி முகம் இல்லாத தெய்வத்தை எப்படி வணங்குவது என்றார்கள். வரைந்து நிரப்பினார்கள். அதற்கு இன்றைக்கும் கலை வரலாற்றுக்காரர்கள் திட்டுகிறார்கள்.

செங்கல்சூளை | அக்டோபர் 9, பிற்பகல் 12.05

எனக்கு அது உறுத்தல்தான். நம் ஊரில் மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்கிறேன் என்று கல்வெட்டை அழித்தவர்களும் பக்தியில்தானே செய்தார்கள்?

லே_முகாம் | அக்டோபர் 9, பிற்பகல் 12.40

அது வேறு, இது வேறு. பின்னமான மூர்த்தியை நாமே கருவறையில் வைப்பதில்லையே. பார்க்க வருகிறவனுக்கு அது ஓவியம், விழுந்து கும்பிடுகிறவனுக்கு அது அம்மா. எனாமல் அடித்தவன் ஊர்க்காரனைக் கேட்கவில்லை, லோ மந்தாங்கில் கேட்டார்கள். எனக்குத் தெரிந்த வித்தியாசம் அதுதான்.

லடாக்கில் பாஸ்கோவைப் பாருங்கள். லேயிலிருந்து கார்கில் ரோட்டில் நாற்பது கிலோமீட்டர். மலை முகட்டில் மைத்ரேயர் கோயில்கள், 2000-இல் உலக நினைவுச்சின்ன நிதியம் அபாயப் பட்டியலில் சேர்த்தது. வெளிப்பணம் வந்தது, ஆனால் வேலையை நடத்தியது ஊர்க்காரர்களே அமைத்த நலக்குழு. உழைப்பும் அவர்களுடையது. 2007-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் முதலிடம். 

கல்வெட்டுக்கிறுக்கன் | அக்டோபர் 9, இரவு 8.15

ஊர்சுற்றி, ஒரே கேள்வி. லாமாவிடமும் ஊரிடமும் என்ன வேண்டும் என்று கேட்டீர்களா? மூன்று நாளாக நாம்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஊர்சுற்றி_மதுரை | அக்டோபர் 21, இரவு 10.10

கேட்டேன். காசாவில் நாங்கள் தங்கிய வீட்டு அக்கா உதவினார். லாமாவுக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினால், சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு அவர் போகும்போதுதான் பதில் வரும். அதனால்தான் தாமதம்.

கோம்பா தொல்லியல் துறையிடம் இல்லை, ஊருடையது. கூலிக்குப் பணம் வேண்டாம் என்கிறார்கள், வீட்டுக்கு ஒரு ஆள் வருவார்களாம். மண் மலையில் இருக்கிறது. இல்லாதது மரம். உத்தரத்துக்குப் பதினொரு பாப்ளர் வேண்டும், அதைக் கீழே பள்ளத்தாக்கில் விலைக்கு வாங்கி லாரியில் ஏற்ற வேண்டும். ஜூன் மாதம்தான் வேலை தொடங்க முடியும். மரம், லாரி, குச்சி, எல்லாம் சேர்த்து 1,10,000 ஆகலாம் என்று மேஸ்திரி கணக்கு. பணத்தை லாமா பெயரில் வாங்க மறுத்துவிட்டார். ஊர் மகளிர் மண்டலுக்கு வங்கிக் கணக்கு இருக்கிறது, பெண்கள் கணக்கு சரியாக வைப்பார்கள் என்கிறார்.

சிங்கப்பூர்க்காரர் ஒருவர் இருந்தார், அவருடைய பத்தாயிரத்தைத் திருப்பிவிட்டேன். மிச்சம் 60,000 இருக்கும். அதை ஹரிஸ்வாமினி பாணியில் வைப்புநிதி போடலாமா?

நேர்பேச்சு | அக்டோபர் 21, இரவு 10.40

ஏழு சதவீதம் என்றால் வருஷத்துக்கு 4,200. பத்து வருஷம் கழித்து அதில் லாரிக்கு டீசல் கூடப் போட முடியாது. கல்வெட்டுக்கிறுக்கன் ஐயாவே அடிக்கடி சொல்வாரே, கோயிலில் அணையாமல் எரியும் நந்தா விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடு, சாவா மூவாப் பேராடு. அவர்கள் காசாக வைக்கவில்லை பாருங்கள், ஆடாக வைத்தார்கள். ஆடு குட்டி போடும், விலைவாசி ஏறினால் நெய்யும் கூடவே ஏறும். ஸ்பிட்டியில் எது குட்டி போடும் என்று கேளுங்கள்.

(ஆமாம், நான்தான் எழுதுகிறேன். இன்னும் என் பழைய கேள்வியை விடவில்லை.)

செங்கல்சூளை | அக்டோபர் 21, இரவு 11.00

மரம்! கிளையை வெட்டி நட்டாலே பாப்ளரும் வில்லோவும் வேர் பிடிக்கும். வாய்க்கால் ஓரமாகத் தண்ணீர் கிடைத்தால் பதினைந்து இருபது வருஷத்தில் உத்தரத்துக்கு ஆகும். வில்லோ குச்சி அதற்கு முன்பே வெட்டலாம், வெட்ட வெட்டத் தழையும்.

ஊர்சுற்றி_மதுரை | ஜூலை 14, இரவு 9.20

நீண்ட நாள் ஆகிவிட்டது. ஜூன் கடைசியில் நாலு பேர் போய்ப் பதினோரு நாள் இருந்துவிட்டு வந்தோம்.

பழைய மண்ணை இறக்கவே நாலு நாள். செங்கல்சூளை சொன்னதுபோல ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கு, ஒரு முழத்துக்கு மேல். நடுவில் ஒரு அடுக்கில் சணல் சாக்கு, ஒரு அடுக்கில் பிளாஸ்டிக் விரிப்பு. ஒவ்வொரு தலைமுறையும் எதையாவது முயன்று பார்த்திருக்கிறது. மண் கூடை முதுகில் சுமந்து இறங்கியதில் பெரும்பாலோர் பெண்கள். நாங்கள் அரை மணிக்கு ஒருமுறை மூச்சு வாங்க உட்கார்ந்தோம், எழுபது வயதுப் பாட்டி ஒருவர் எங்களைக் கடந்து மூன்று நடை போய் வந்தார். உள்ளே ஓவியச் சுவரை மெல்லிய துணியால் மூடி, கொஞ்சம் இடைவெளி விட்டுப் பலகை நிறுத்தினார்கள். உத்தரங்களில் மூன்று பழையதே நல்லதாக இருந்ததால் எட்டுதான் வாங்கினார்கள். தாராவின் முகத்தில் அந்த இரண்டு கோடும் அப்படியே இருக்கிறது. லாமாவுக்கு அதில் அவசரமில்லை.

மிச்சப் பணத்தில் வாய்க்கால் ஓரம் வேலி போட்டு இருநூறு கிளைப் போத்து நட்டிருக்கிறார்கள். முக்கால்வாசி பாப்ளர், மற்றது வில்லோ. ஏப்ரலிலேயே நட்டுவிட்டார்களாம், நாங்கள் போனபோது பாதிக்கு மேல் துளிர்விட்டிருந்தது. சண்டிகர் பையன் பத்து நாள் லீவில் வந்து வேலி கட்டிவிட்டுத் திரும்பிப் போனான்.

லே_முகாம் | ஜூலை 14, இரவு 9.50

வேலியை நம்பாதீர்கள். குளிரில் தீனி இல்லாமல் ஆடும் கழுதையும் எப்படியும் நுழைந்து பட்டையை உரித்துவிடும். லடாக்கில் பழைய டின்களை அடியைத் திறந்து ஒன்றின்மேல் ஒன்றாகக் கன்றுக்கு மாட்டுவார்கள். சொல்லிவையுங்கள்.

ஊர்சுற்றி_மதுரை | ஜூலை 14, இரவு 10.05

அவர்களுக்கே தெரிந்திருக்கிறது அண்ணா. ஊரில் இருந்த டின் அத்தனையும் அங்கேதான் இருக்கிறது, ஒழுகலுக்கு வைத்திருந்த டால்டா டின் உட்பட.

ஆடிட்டர்_மாமி | ஜூலை 14, இரவு 10.15

ரசீது?

ஊர்சுற்றி_மதுரை | ஜூலை 14, இரவு 10.30

இருக்கிறது மாமி. மகளிர் மண்டல் லெட்டர்பேடில், கையால், இந்தியில். எங்கள் தொகை ஏழாவது வரியில். அதற்கு மேலே ஆறு வரி, யார் வீட்டிலிருந்து எத்தனை நாள் ஆள் வந்தது, எத்தனை கட்டு புல் வந்தது என்று. ஸ்கேன் செய்து அனுப்புகிறேன்.